காயாத சுவர்

வெள்ளம் வரும்போது தெருவே கூடி நின்று பார்த்தது. வடிந்த பிறகு அவரவர் வீட்டுச் சேற்றுக்கு அவரவர்தான் சொந்தக்காரர். எங்கள் தெரு வாய்க்காலை ஒட்டிப் போகிற தெரு. அதன் கடைசி வீடு டிஸ்டம்பருடையது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் பெயின்ட் வேலைக்கு ஆள் தேடி வருகிறவர்கள் தெருமுனையில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாரும் முழிப்பார்கள். டிஸ்டம்பர் வீடு என்றால் நாய்கூட வழி காட்டும்.

அன்று காலை அவரும் அவர் மச்சானும் கணுக்கால் புதையும் சேற்றில் நின்று கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கதவு தண்ணீர் குடித்து உப்பி, நிலையோடு இறுகிக் கிடந்தது. மச்சான் எலெக்ட்ரீஷியன், மேட்டுத் தெருக்காரர். தண்ணீர் ஏறிய அன்று தங்கையையும் மாப்பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனவர்.

"தோளைக் குடுத்துத் தள்ளு மாப்ள. உன் வீட்டுக் கதவுதானே, அதுக்கு என்ன இவ்வளவு மரியாதை?"

"மெதுவா மச்சான். நிலை பேந்துடப் போகுது."

"தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன?"

"தலைக்கு மேல எங்க போச்சு? நெஞ்சு வரைக்கும்தான் போயிருக்கு." டிஸ்டம்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளிச்சுவரில் ஓடிய பழுப்புக் கோட்டைத் தன் நெஞ்சோடு அளந்து காட்டினார்.

ஒருவழியாகக் கதவு முனகிக்கொண்டு பாதி திறந்தது. டிஸ்டம்பர் உள்ளே காலை வைக்கப் போனார். மச்சான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"நில்லு. எந்தச் சுவிட்சையும் தொடாதே. நான் சொல்ற வரைக்கும் சுவத்துல கைகூட வைக்காதே."

ரப்பர் பூட்ஸோடு அவரே முதலில் போனார். மெயின் பெட்டி தண்ணீர்க் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. இருந்தாலும் காய்ந்த கட்டையால் தட்டி அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். வீட்டு மேல இருக்கிற ஆசையில நீ பாட்டுக்கு ஃபேனைப் போட்டுட்டா, அப்புறம் என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தங்கச்சி அதற்குள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். வர வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் தைத்த துணி. நாற்பது வயதைத் தாண்டியும் அண்ணனுக்கு மட்டும் அவள் பாப்பா.

அவள் முதலில் தரையைப் பார்க்கவில்லை. மேலே பரணைப் பார்த்தாள். தண்ணீர் வந்த அன்று மற்றதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி இருவருமாகப் பரணில் ஏற்றியிருந்தார்கள்.

"மெஷின் இருக்கு," என்றாள். பிறகுதான் தரையைப் பார்த்தாள்.

ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. சோபாவின் மேல் அரிசி டப்பாவும், அரிசி டப்பாவின் மேல் யார் வீட்டுச் செருப்போ ஒன்றும் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் ஒரே சேறு. சாக்கடையும் மண்ணெண்ணெயும் அழுகிய இலையும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தார்கள்.

"நின்னு பார்த்தா சேறு தானா எழுந்து போயிடுமா?" என்று அவள்தான் முதலில் குனிந்தாள்.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும், காய்ந்தால் கடப்பாரைதான். மண்வெட்டியாலும், அது நுழையாத இடத்தில் அலுமினியத் தட்டாலும் அள்ளினார்கள். வெளியே எறிவதற்கு முன் மச்சான் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்தார். என்றைக்காவது யாராவது என்ன போயிற்று என்று கேட்டால் காட்ட வேண்டுமாம். ஊறிப்போன மெத்தைக்குப் பக்கத்தில் நின்றிருந்த தங்கை, படம் எடுக்கிறார் என்றதும் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"பாப்பா, உன்னைப் பொண்ணு பார்க்க வரல. கொஞ்சம் தள்ளு."

"தலகாணியை மட்டும் வெச்சுக்கறேன்ணா. வெயில்ல போட்டா காஞ்சிடும்."

"சாக்கடைத் தண்ணி குடிச்ச தலகாணி. நாளைக்கு அதுல தலையை வெச்சுப் படுப்பியா?"

அவள் தலையணையை ஒருமுறை அழுத்தினாள். கறுப்பாகத் தண்ணீர் வந்தது. கொண்டுபோய் வெளிக்குவியலில் போட்டாள். மாவு, மருந்து, மூடி கழன்ற எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. ஃப்ரிட்ஜைத் தூக்கி நிறுத்தியதோடு சரி, ஓடுகிறதா என்று பார்க்க மச்சான் விடவில்லை.

கூடத்துச் சுவரைக் கழுவியபோதுதான் அது தெரிந்தது. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக இறங்கித் தரை வரைக்கும் ஒரு விரிசல். சுண்டுவிரல் நகம் நுழைகிற அகலம்.

"ஏங்க, இங்க பாருங்க."

டிஸ்டம்பர் பார்த்தார். பார்த்த கையோடு வாளியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். "அது பழசு."

"பழசா? இந்தச் சுவத்துக்கு எதிர்லதான் தினம் உக்காந்து தைக்கிறேன். எறும்பு போனாக்கூட எனக்குத் தெரியும். வெள்ளத்துக்கு முன்னாடி இல்லாதது எப்படிப் பழசாகும்?"

அவர் வாளியோடு வெளியே போய்விட்டார். அந்த மனிதரிடம் இது ஒரு கோளாறு. கெட்ட சேதி எதுவானாலும் மேலே ஒரு பூச்சு பூசித்தான் மனைவியிடம் கொண்டுவருவார். தன் காய்ச்சலை அலுப்பு என்பார். வேலை கிடைக்காத நாளை ஓய்வு என்பார்.

மத்தியானம் நகராட்சி ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் வந்தது. மறுநாள் இன்ஜினியர் வீடு வீடாக வந்து பார்ப்பார், குடியிருக்கத் தகுந்த வீட்டுக்குப் பச்சைக் குறி, ஆகாத வீட்டுக்குச் சிவப்பு. சிவப்புப் போட்ட வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேற வேண்டும், பிறகு இடித்துக் கட்டுவதாக இருந்தால்தான் திரும்ப முடியும். பின்சந்தில் அன்று காலையே இரண்டு வீடுகளுக்குச் சிவப்பு விழுந்துவிட்டதாகப் பேச்சு. இடித்துக் கட்டுவதெல்லாம் டிஸ்டம்பர் கனவிலும் முடியாத காரியம். சிவப்பு விழுந்தால் அந்த வீடு போனது போனதுதான்.

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டில் எல்லாரும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். சங்கடமே அதுதான். மச்சான் மனைவி, அதாவது தையல்காரிக்கு அண்ணி, முகம் சுளிக்காத மனுஷி. ஆனால் வீடு இரண்டே அறை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தையல்காரிக்கு நன்றாகத் தெரியும். அண்ணி கேட்பதற்கு முன் பாத்திரத்தைத் துலக்கினாள், தரையைத் துடைத்தாள், துடைத்த தரையையே மறுபடியும் துடைத்தாள்.

"சும்மா உக்காருடி. நீ இப்படி ஓடியாடிச் செஞ்சா நான் என்னமோ வேலை வாங்கற மாதிரி இருக்கு," என்றாள் அண்ணி.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது அண்ணி."

"சிவப்பே போட்டாலும் போடட்டும். இங்கயே இருங்க. கூடத்துல ஒரு திரையைக் கட்டிக்கலாம். என்ன இப்போ?"

அண்ணி மனசாரத்தான் சொன்னாள். தையல்காரி தலையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் நெடுநேரம் ஓடியது. வெளியே உட்கார்ந்திருந்த டிஸ்டம்பருக்கு அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்தபோது முகத்தைக் கழுவிப் பளிச்சென்று வைத்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய டிஸ்டம்பர் கடைக்குப் போகவில்லை.

அவர் செய்ததை இத்தனை வருஷத்தில் வேறு யாராவது செய்திருந்தால், தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியிருப்பார். ஈரச் சுவரில் பெயின்ட் அடிக்கச் சொல்லும் வீட்டுக்காரர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. "காயாத சுவத்துல அடிக்கிற பெயின்ட் சுவத்துக்கு இல்ல சார், கண்ணுக்கு." அப்படிச் சொல்லி வந்த வேலையையே திருப்பி அனுப்பியவர், தன் வீட்டுக் கூடத்துச் சுவரைக் கந்தைத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார். விரிசலுக்குள் பட்டி மாவைக் குழைத்துத் திணித்து இழைத்தார். அது இறுகுகிற வரைக்கும் பொறுமை இல்லாமல், யார் வீட்டிலோ மிஞ்சிய இளம்பச்சை பெயின்டை எடுத்து அந்த ஒரு சுவர் முழுக்க உருட்டிவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

தையல்காரி வாசலில் வந்து நின்றபோது அவர் கடைசி மூலையில் இருந்தார்.

"என்னங்க இது?"

"வந்துட்டியா? பாரு, எப்படி இருக்கு!" குரலில் உற்சாகம்தான். கண் மட்டும் அவளைப் பார்க்கவில்லை.

"எப்படி இருக்குன்னா கேக்கறீங்க? சுத்தி மூணு சுவர் சேறு, நடுவுல ஒண்ணு மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிக்குது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னைக்குத்தான் கண்ணால பார்க்கிறேன்."

"அந்த இன்ஜினியரம்மா என்ன, ஒவ்வொரு சுவரையும் தொட்டா பார்க்கப் போகுது? ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டுப் பச்சையைப் போட்டுட்டுப் போயிடும்."

"சுவர் விழுந்தா?"

உருளை அவர் கையில் அப்படியே நின்றது. பெயின்ட் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"உங்களைத்தான் கேக்கறேன். பச்சையைப் போட்டுட்டு அந்தம்மா போயிடும். நாம இதுக்குக் கீழதானே படுக்கணும்?"

அவர் உருளையைக் கீழே வைப்பதற்குள் வாசலில் ஆள் அரவம் கேட்டது. இன்ஜினியர் வந்துவிட்டார். நெற்றி வரை இறங்கிய தொப்பி, சேறு அப்பிய பூட்ஸ், தோளில் ஒரு பை, கையில் சின்னச் சுத்தியல். நிலையைத் தாண்டியவர் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"காலையில இருந்து சேத்து வாடைதான். இந்த வீட்டுல மட்டும் பெயின்ட் வாடை."

"நான் பெயின்டர் மேடம். அதான், சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

இன்ஜினியர் சுவரருகே போனார். நகத்தால் லேசாக ஒரு கீறு கீறினார். பச்சைத் தோல் பால் ஆடை போலச் சுருண்டு வந்தது. ஜன்னலுக்குக் கீழே பட்டி இறங்கிப் புடைத்திருந்தது.

"இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

டிஸ்டம்பர் வாயைத் திறந்தார். "ஒண்ணுமில்ல மேடம், ஒரு சின்ன..."

"விரிசல் இருந்துச்சும்மா," என்றாள் தையல்காரி. "ஜன்னல்ல இருந்து தரை வரைக்கும். இவரு மூடிட்டாரு."

டிஸ்டம்பர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். இன்ஜினியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்திருக்கும்.

"கண்ணுக்குத் தெரியாத விரிசலை நான் எப்படிப் பார்க்கிறது? ஆபத்து இல்லைன்னு எழுதி, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? சந்தேகம்னா சிவப்புதான் போடணும். அதுதான் எனக்குச் சொல்லியிருக்கிறது."

"மேடம்..." அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

இன்ஜினியர் பையிலிருந்து எடுக்கப் போனதை எடுக்காமல், கொஞ்சம் யோசித்தார். "இன்னும் மேற்கால வரிசை முழுக்க எனக்கு வேலை இருக்கு. சாயங்காலம் இந்த வழியாத்தான் திரும்புவேன். அதுக்குள்ள பெயின்ட், பட்டி, ஊறின பூச்சு எல்லாத்தையும் எடுத்துட்டு எனக்குச் செங்கல்லைக் காட்டுங்க. பார்த்துட்டுச் சொல்றேன். மேல இருந்து கீழ கொத்துங்க, ஜாக்கிரதை. ஏதாவது அசையிற மாதிரி தெரிஞ்சா போட்டுட்டு வெளிய ஓடிடுங்க, வீட்டைப் பார்க்காதீங்க."

அவர் போனதும் தையல்காரி தலைத் துண்டை இறுக்கிக் கட்டினாள். சுரண்டும் தகடு ஒன்றை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள்.

பெயின்ட் சுலபமாக உரிந்து வந்துவிட்டது. ஈரச் சுவரில் அது பிடித்தால்தானே? பட்டி களிமண் மாதிரி தகட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெயில் ஏறியது, வெளியே குவியலில் ஈ மொய்த்தது.

"அடுத்தவங்க வீடுன்னா எவ்வளவு வியாக்கியானம் பேசுவீங்க," என்றாள் அவள் கடைசியில். "நம்ம வீடுன்னா மட்டும் ஏன் புத்தி இப்படிப் போகுது?"

"நீ குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதே."

அவள் கை நின்றது.

"கேட்டுச்சு," என்றார் அவர். சுவரைப் பார்த்தபடியேதான் பேசினார். "எத்தனை வருஷம், எத்தனை துணி தைச்சு இந்த வீட்டைக் கட்டினே. இன்னொருத்தர் வீட்டுக் குளியலறையில சத்தம் போட்டு அழக்கூட முடியாம... எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அடிச்சு மூடிட்டேன்."

அவளுக்குக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருப்போம்."

"உன்னையும் பயமுறுத்தணுமான்னு பார்த்தேன்."

"நான் ஏற்கனவே பயந்துக்கிட்டுதானே இருந்தேன். தனியா பயந்தேன், அவ்வளவுதான்."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் இருவரும் கொஞ்சம் வேகமாகவே வேலை செய்தார்கள்.

மத்தியானம் மச்சான் ரொட்டியும் டீயும் கொண்டுவந்தார். விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நான் ஃபியூஸைப் பிடுங்கினேன். உன் பிரஷ்ஷைப் பிடுங்கியிருக்கணும்." சொல்லிவிட்டு அவரும் உளியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார்.

பூச்சைக் கொத்தும்போதுதான் நிஜமான பயம் வந்தது. ஜன்னலுக்குக் கீழே டிஸ்டம்பர் ஒரு தட்டுத் தட்டினார். சுவருக்குள்ளே பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. மறு தட்டில் ஒரு கதவு அகலத்துக்குப் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. வீடே ஒருமுறை குலுங்கியது போல இருந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். தையல்காரி கணவன் சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள் தையல் விட்டது. அவளே தைத்த சட்டை.

தூசி அடங்கியது. உள்ளே வேறு எதுவும் விழவில்லை.

"போய்ப் பாரு மாப்ள."

"நீங்க போங்க மச்சான்."

"உன் சுவர்தானே?"

தையல்காரி இருவரையும் விலக்கிவிட்டு உள்ளே போனாள். செங்கல் முழுக்க ஈர மண் பூசியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. வாளித் தண்ணீரில் துணியை நனைத்து மெல்லத் துடைக்கத் தொடங்கினாள். ஒரு செங்கல், அதற்கு அடுத்தது, நடுவில் இருந்த இணைப்பு. விரிசல் ஓடிய தடத்தைக் கையாலேயே தடவிக்கொண்டு தரை வரை போனாள். செங்கல்லில் விரிசல் எதுவும் கண்ணுக்குப் படவில்லை. படவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மூன்று பேருக்கும் துணிச்சல் இல்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

வெயில் சாய்ந்த பிறகு இன்ஜினியர் வந்தார். வந்தவர் நேராகச் சுவரிடம் போனார். தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டு, மேலேயும் கீழேயும் நூலுக்கும் சுவருக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்தார். சுத்தியலால் செங்கல் செங்கலாகத் தட்டிக் காது கொடுத்தார். வெளியே போய் அந்த மூலையில் மண்ணைத் தோண்டச் சொன்னார். மச்சான் தோண்டினார். இன்ஜினியர் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து அஸ்திவாரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த நேரத்தில் டிஸ்டம்பர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நகத்தில் இருந்த பச்சை பெயின்ட் உதட்டில் ஒட்டிக்கொண்டது.

இன்ஜினியர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"அஸ்திவாரம் இறங்கல. இறங்கியிருந்தா அந்த விரிசல் செங்கல்லையும் வெட்டிக்கிட்டுப் போயிருக்கும். பூச்சு மட்டும் ஊறி விட்டுக்கிட்டு வெடிச்சிருக்கு. சுவர் நல்லா இருக்கு. நீங்க குடியிருக்கலாம்."

ஒருவரும் அசையவில்லை.

"காதுல விழுந்துச்சா? குடியிருக்கலாம்."

"அப்போ இது... காலையிலயே மூடாம இருந்திருந்தா..." என்று டிஸ்டம்பர் இழுத்தார்.

"காலையிலயே சொல்லிட்டுப் போயிருப்பேன்."

மச்சான்தான் முதலில் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. இன்ஜினியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு மற்றதைச் சொன்னார். கோட்டுக்குக் கீழே ஊறிய பூச்சை எல்லாச் சுவரிலும் எடுத்துவிட வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்தே போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போடாமல் ஒரு வாய் குடிக்கக் கூடாது.

"கடைசியா ஒண்ணு. சுவர் உள்ள இருந்து காயணும். மாசக்கணக்காகும். அது வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள பெயின்ட் டப்பா வரக்கூடாது."

"வராது மேடம்," என்றாள் தையல்காரி. "வந்தா, டப்பாவும் வெளிய, கொண்டு வந்த ஆளும் வெளிய."

இன்ஜினியர் வாசலுக்குப் போய்ப் பையிலிருந்து சின்ன டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தார். பகல் முழுக்க அலைந்த கை. பிரஷ்ஷை ஆழமாக முக்கி எடுத்து, வடிக்காமலேயே நிலைக்குப் பக்கத்தில் ஒரு இழு இழுத்தார். பச்சைக் குறி கோணலாக விழுந்தது. அதன் அடியிலிருந்து மூன்று நான்கு ஒழுகல் கிளம்பி, வெள்ளம் போட்டுவிட்டுப் போன பழுப்புக் கோடு வரைக்கும் இறங்கின. அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் கிளம்பிப் போய்விட்டார்.

டிஸ்டம்பர் அந்த ஒழுகலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரால் தாங்க முடியவில்லை. கட்டை விரல் தன்னால் எழுந்தது. ஒரே ஒரு துடைப்புதான், துடைத்தால் சுத்தமாக இருக்கும்.

தையல்காரி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

"ஒழுகுதுடி."

"ஒழுகட்டும்."

சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். தெருவே கேட்கிற மாதிரி, வாய்விட்டு, தன் வீட்டு வாசலில் நின்று அழுதாள். அண்ணன் செய்வதறியாமல் மண்வெட்டியைத் தேடிப் போனார். டிஸ்டம்பர் கையை விடுவித்துக்கொள்ளாமல், அவள் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றிருந்தார்.